ஞானேஸ்வரி வளர்த்த கட்டெறும்பு

விசுவமடுவில் எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறோம். நான் விமலேஸ்வரி, வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன். மற்றவள் ஞானேஸ்வரி, என் தம்பி ராஜரத்தினத்தின் மனைவி, மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறாள். தம்பி 2009 சித்திரையில், போர் முடிகிற நேரம், ஒரு நாள் தண்ணீர் எடுத்து வரப் போனவன், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நானும் அவளும்தான். புதிதாகச் சட்டை தைக்க வருகிறவர்கள் எங்களை அக்கா தங்கை என்று நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை. மச்சாள்மார் இருவர் ஒரே வீட்டில் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருந்தோம் என்றால் ஒருவரும் நம்பப் போவதுமில்லை. சண்டை இல்லாமலும் இல்லை.

ஞானேஸ்வரியின் குறை ஒன்றுதான். எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிட அவளால் முடியாது. ஒன்பது வருடமாக முழந்தாளில் இருந்து, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டுக்கொண்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் விரற்கடை விரற்கடையாக நிலத்தைப் பார்க்கிறாள். பார்த்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வேலைச் சட்டம். அந்தச் சட்டத்தை அவள் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாள். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். அவள் அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினால் மத்தியானச் சோறு பின்னேரம்தான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் எறும்பு வளர்க்கும் ஆசை வந்தது. தமிழ்நாட்டில் யாரோ ஒரு பொடியன் கைத்தொலைபேசியில் போடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பிடித்த ஆசை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை கேட்டிருக்கிறேன், கட்டெறும்பை மெனக்கெட்டு வளர்க்கிற கதையை அப்போதுதான் கேட்டேன். முதல் மாரி மழைக்குப் பிறகு ராணிகள் பறக்குமாம். ஒரே ஒரு நாள் பறப்பு. கீழே இறங்கியதும் தன் சிறகைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, ஒளிய ஒரு துளை தேடி நடக்குமாம். அதைப் பிடித்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதற்கு ஒரு பஞ்சு அடைப்பு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. பிறகு கறுப்புத் துணியால் சுற்றி இருட்டில் வைத்துவிட வேண்டியதுதான். சாப்பாடு வேண்டாம், முட்டை இட்டு முதல் பிள்ளைகளை அது தனியாகவே வளர்த்து எடுக்கும். பழக்கமில்லாதவர்களுக்குக் கட்டெறும்புதான் தோதாம். ஆள் பெரிது, கண்ணுக்குத் தெரியும், இலேசில் சாகாது.

ஒரே ஒரு நிபந்தனை, ஒரு மாதத்துக்கும் மேலாக அதை எடுத்துப் பார்க்காமலே இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டாலும் குழாய் அசைந்தாலும் ராணி பயந்து தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

ஞானேஸ்வரியிடம் போய்ப் பார்க்காதே என்றால்? முதல் வருடம் காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம் பார்த்தாள். குரங்கு கைப் பூமாலைதான். முட்டை போயிற்று, பத்து நாளில் ராணியும் போயிற்று. இரண்டாம் வருடம் டோர்ச் அடித்துப் பார்த்தாள். அதுவும் போயிற்று. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் செத்த எறும்பை ஒரு தாளில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ராணி அவளைத் தேடி வந்தது. போன ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வேலை நிலத்தில் அவளுடைய பாதைக்குள்ளேயே, அவள் பார்த்து முடித்த மண்ணுக்கும் பார்க்காத மண்ணுக்கும் நடுவில் கிடக்கிற தடியின் மேல் ஏறி நடந்து வந்ததாம். சிறகு கழன்ற ராணி. மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தல் மூடிக்குள் வைத்துக் கொண்டு வந்தாள்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டு வருகிறாயே, மூன்றாந் தரமும் பட்டுத்தான் தெளியப் போகிறாயா என்று ஏசினேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்:

“இவ்வளவு வருசமா அந்த மண்ணிலயிருந்து நான் எடுத்ததெல்லாம் ஆளைக் கொல்லுற சாமான் மச்சாள். உயிரோட எடுத்தது இவா ஒராள்தான். இவவைச் சாகவிடமாட்டன்.”

எறும்புக்கு ‘இவா’ என்று மரியாதை வேறு. 

குழாய் அலுமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. அங்கே இருந்த என் துணிகளெல்லாம் அசைவு கூடாதென்று சூட்கேசுக்கு மாறின. அதோடு விட்டாளா? ஒரு குச்சியைச் சீவி, தலையில் சிவப்பு மை பூசி, ஒரு களிமண் உருண்டையில் குத்தி அந்தத் தட்டின் முன் வைத்தாள். வேலை நிலத்தில் சிவப்புத் தலைத் தடி நட்டிருந்தால் அதற்கு அங்கால் கால் வைக்கக் கூடாது. தன் காலைத் தானே தடுப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அந்தத் தடிக்கு அவள் கட்டுப்பட்டாள். அலுமாரிக்கு முன்னால் வந்து நிற்பாள், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வாள், திரும்பிப் போவாள். நாட்காட்டியில் நாற்பதாவது நாளுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

அவள் காலை ஐந்து மணிக்கு வேலையாட்களை ஏற்ற வரும் வானில் ஏறிப் போனால் பகல் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் நானும் மெஷினும் மழையும். இப்போது நான்காவதாக அலுமாரிக்குள் ஒன்று. ராணி அத்தனை நாளும் எதைத் தின்று உயிர் வாழும் என்று ஒருநாள் கேட்டிருந்தேன். இனிப் பறக்கத் தேவையில்லை அல்லவா, சிறகை அசைத்த தசையெல்லாம் உள்ளே கரைந்து அதுதான் சாப்பாடாகும், பிள்ளைகளுக்கும் அதைத்தான் ஊட்டும் என்றாள். அந்தக் கதை என்னை விடவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே அதை நினைத்துக்கொண்டிருப்பேன். கறுப்புத் துணிக்குள் ஒரு சின்ன இருட்டு. அதற்குள் ஒருத்தி தான் பறந்த அந்த ஒரு நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வெளியே மழை பெய்வது அவளுக்குக் கேட்குமா? தைத்துக்கொண்டிருக்கும் கை தானாக நின்றுவிடும். கூரையில் மழை, முற்றத்தில் மழை, வேலிக்கு அப்பால் வயல் முழுவதும் வெள்ளை. எனக்கும் வயது ஐம்பத்து நான்கு, எதைக் கரைத்து எதை வளர்த்தேன் என்றெல்லாம் யோசனை போகும். பிறகு யாராவது படலையைத் திறந்து சட்டை கேட்பார்கள், எழும்பிப் போவேன்.

இருபத்துமூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து பேய் மழை. இரண்டு மணிக்கு வான் வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. அவளுடைய தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தால் ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் தொடர்பு இல்லை என்றது. நான் தைத்தேன். தைத்ததைப் பிரித்தேன். கழுத்துத் துண்டைக் கைத்துவாரத்தில் வைத்துத் தைத்திருந்தேன்.

ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு நான் காதைத் தெருவில் வைத்திருப்பேன். அதை அவளிடம் நான் சொன்னதேயில்லை. வான் சத்தம் கேட்டதும் குசினிக்குள் அடுப்படிக்குப் போய், வேலையாக இருக்கிறவள் போல நிற்பேன். அப்படியொரு குணம் எனக்கு. பயத்தை வெளியே காட்டினால் அது நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு. தம்பி போன அன்று, கெதியா வா, நேரம் போக்காதே என்று பின்னால் கூப்பிட்டுச் சொன்னவள் நான்.

நான்கரைக்கு என்னால் முடியாமல் போயிற்று. எழுந்து போய் அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அந்த ராணி உயிரோடு இருந்தால் இவளும் உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். பைத்தியக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். சிவப்புத் தடியைத் தள்ளி வைத்தேன். குழாயை எடுத்துத் துணியை அவிழ்த்து யன்னலடிக்குக் கொண்டு போனேன்.

இருந்தது. கரிய உடம்பு, பெரிய வயிறு. காலடியில் அரிசிக் குருணல் போல ஒரு சின்னக் குவியல், முட்டையும் புழுவுமாக. வெளிச்சம் பட்டதும் அது பதறிப் போய் அந்தக் குவியலில் ஒரு பகுதியை வாயில் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியது. துணியால் மூடப் பார்த்தேன். குழாய் யன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுப்பட்டது. அவசரமாகச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து, தடியையும் முன்போல நிறுத்தினேன்.

ஐந்து மணிக்கு வான் வந்தது. மதகை மேவி வெள்ளம் பாய்ந்ததால் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்களாம். தொலைபேசி நனைந்து போயிற்றாம். வேறொன்றும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே வருகிறாயே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அவள் தலைக்குக் குளித்து, விளக்குக் கொளுத்திவிட்டுக் குழாயை எடுத்தாள். நான் மெஷினை விட்டு எழும்பவில்லை. துணி அவிழ்கிற நேரம் முழுவதும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணி இருந்தது. குவியல் இல்லை. முட்டை, புழு, ஒன்றுமே இல்லை.

ஞானேஸ்வரி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தன் வேலையில் பிழை நடந்தால் எப்படிச் செய்வார்களோ அப்படி, வைத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். பஞ்சு இறுக்கமா, தண்ணீர் போதாதா, ஒருநாள் அலுமாரிக் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினேனே, அதுவா என்றெல்லாம். எல்லாம் தன் பிழையாகவே எண்ணினாள். கடைசியில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“என்ர கைக்கு உயிர் ஒத்துவராது மச்சாள்.”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

“நான்தான் பாத்தனான்,” என்றேன். “வான் வராத அண்டைக்கு. அது உயிரோட இருந்தா நீயும் இருப்பாயெண்டு நினைச்சுப் பாத்தனான்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசினால் நன்றாக இருந்திருக்கும். மிச்சத்தையும் கொட்டினேன்: இரண்டு மணியும் தெருவும் குசினியும், ஒன்பது வருடமும். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அழுதேன்.  அவள் குழாயைத் துணியால் சுற்றி, அதே தட்டில் வைத்தாள். ராணி இருக்கிறா, திரும்பவும் இடுவா என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானம் அவளே சமைத்தாள். அரிசியை ஒரு தரம்தான் பார்த்தாள். சோற்றில் இரண்டு கல் கடிபட்டது, நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. ஞானேஸ்வரி. ஒன்பது வருடத்தில் வேலை இடத்திலிருந்து அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

“ஒண்டுமில்லை மச்சாள். பத்து மணி ஓய்வு,” என்றாள். “இருக்கிறன்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். செவ்வாயும் எடுத்தாள், புதனும் எடுத்தாள். அந்த அரை நிமிடத்துக்காக மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிக்கிற இடத்தை விட்டு, சிக்னல் கிடைக்கிற ஒரு வேப்பமரத்தடிக்கு நடந்து போகிறாள் என்று பிறகு தெரிந்தது. நான் காதைத் தெருவில் வைப்பதை மெல்ல மெல்ல மறந்தேன். மழை விட்டது. மார்கழிப் பனியில் காலை முழுவதும் வேலி தெரியாது. அந்த மங்கலுக்குள் மெஷின் ஓடும், நூல் ஓடும், அலுமாரிப் பக்கம் நான் திரும்பியும் பார்ப்பதில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு எடுத்தவள், உடனே வைக்கவில்லை. திரும்பச் சுற்றி வைத்து இன்றைக்கு நாற்பத்தைந்து நாள், எடுத்துப் பாருங்கோ என்றாள். வேண்டாம், நீ வந்து பார் என்றேன். என் கை ஒரு தடவை கெடுத்தது போதாதா?

“இல்லை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ,” என்றாள். “நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்.”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டைத் திறந்தேன். குழாயை இரண்டு கையாலும் எடுத்து, யன்னலுக்குப் போகாமல் நிழலிலேயே உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன். முதலில் ராணிதான் தெரிந்தது. பிறகு அதன் காலடியில் ஏதோ அசைந்தது. மெலிந்து, வெளிறி, கடுகளவு தலையோடு சின்ன எறும்புகள். ஒன்று தாயின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

எண்ணத் தொடங்கினேன். அந்தப் பக்கத்தில் அவள் மச்சாள், மச்சாள் என்று இரண்டு தரம் கூப்பிட்டாள்.

“இருக்குதுகள்,” என்றேன். “அஞ்சு.”

 திரும்ப ஒருக்கா எண்ணச் சொன்னாள். எண்ணினேன். ஆறு. ஒன்று ராணியின் வயிற்றுக்குக் கீழே நின்றிருந்தது. சொன்னேன்.  ஓய்வு முடிந்ததற்கு விசில் ஊதினார்கள், அதற்குள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

“அழாதை,” என்றேன். “கண்ணை நல்ல வடிவாத் துடைச்சுப்போட்டு வேலைக்குப் போ.”