பதினாலு வயசு வரைக்கும்

இல்லம்மா, சிவிக்ஸ் பாடத்த எந்தப் புள்ளையும் காதுல வாங்காதுன்னு மட்டும் சொல்லாத. பக்கத்து வூட்டுப் பொண்ணு, டீச்சர் வேலைக்குப் புதுசு, நீ அப்பிடித்தான் சிரிப்ப. காதுல வாங்குவாங்க. இந்த வேலையில கஷ்டமே அதான். சாக்பீஸ் தூளத் தின்னுக்கினு அடிப்படை உரிமைய நடத்தினவங்க எல்லாருக்கும் நான் சொல்றது புரியும்.

பதினாலு

யுவராணின்னு ஒரு பொண்ணு. எட்டாங்கிளாசு, முதல் பெஞ்சு. அவங்கப்பா வூட்லயே தறி போட்டு பட்டு நெய்யறவரு. ஆறு வயசுலருந்து பதினாலு வரைக்கும் படிப்பு எல்லாப் புள்ளைக்கும் உரிமை, அரசியல் சட்டத்தையே திருத்தி அத உள்ள சேத்தாங்கன்னு நடத்தினேன். இந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயி சந்தோஷமா சத்தம் போட்டுப் படிச்சிருக்குது. பதினாலாவது பொறந்த நாளு வந்துச்சி, கிளாசுக்கே சாக்லேட் குடுத்தா. மறுநாள்லருந்து ஆளக் காணோம்.

தேடிக்கினு போனேன். நல்ல மழை, வழியில செருப்பு வேற அறுந்துடுச்சி. என் நாத்தனார் வாங்கிக் குடுத்த செருப்பு அது. அவ குடுத்தது எது நெலச்சிருக்குது, அத வுடு. யுவராணியோட அப்பா தறிய வுட்டு எழுந்து, தலை தொவட்டத் துண்டு குடுத்து, மரியாதையாத்தான் சொன்னாரு: "நீங்க நடத்தின பாடம்தானே டீச்சர்? பதினாலு வரைக்கும்தான்னு அவளே படிச்சிக் காட்டினா. முடிஞ்சிடுச்சே."

பக்கத்துல ஒரு ஆளு

கெட்ட மனுஷன் இல்லம்மா. கோர்வப் பொடவையில ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் கோக்கறதுக்கு நெய்யறவரு பக்கத்துல இன்னொரு ஆளு உக்காந்து கரை நூலு ஓடற நாடாவத் தள்ளணும். அவரு சம்சாரம்தான் தள்ளிக்கினு இருந்தது. அதுக்கு முதுகு போயிடுச்சி.

"வயசு தாண்டினாலும் எட்டாவது முடிக்கறவரைக்கும் சட்டம் இருக்குதுப்பா"ன்னு தொண்ட கிழிய சொன்னேன். தறியில அறுந்த இழை ஒண்ண எடுத்து முடி போட்டாரு. அப்பறம் சொன்னாரு: "சரி, எட்டாவது முடிக்கட்டும். ஒம்பதாவதுக்கும் சட்டம் இருக்குதான்னு மட்டும் தேடாதீங்க டீச்சர்."

மூணுல ரெண்டு பங்கு

திரும்ப வந்துட்டா. சட்டத் திருத்தம் பாடம் நடந்துக்கினு இருந்தது. ஓட்டுப் போடற வயசு இருவத்தொண்ணா இருந்தத பதினெட்டா எறக்கின கதைய சொன்னேன். "அப்ப வயச மாத்தலாமா டீச்சர்?"னு கேட்டா. மாத்தலாம், பார்லிமெண்டுல ஓட்டுப் போடறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேராவது சம்மதிக்கணும்னேன்.

மறுநாள் பிரேயருக்கு முன்னாடியே ஓடியாந்தா. தன்ன ஒம்பதாவது படிக்க வெக்கணும்னு வூட்லயே ஓட்டெடுப்பு நடத்தியிருக்குது பொண்ணு. "இன்னாடி ஆச்சி?"ன்னேன். கணக்கு டீச்சரு பக்கத்துல சிரிச்சிக்கினு நின்னாங்க. அவ சொன்னத கேட்டதும் அவங்க சிரிப்பு நின்னுடுச்சி: "நாங்க நாலு பேரு டீச்சர். அம்மா, தம்பி, நானு மூணு பேரும் கை தூக்கினோம். மூணுல ரெண்டு பங்குக்கு மேலயே வந்துச்சி. ஆனா பாஸ் ஆவல."

டி.சி. வாங்கின அன்னிக்கு

எட்டாவது முடிஞ்சி, டி.சி. வாங்க அப்பாவோட வந்தா. நானே ஹைஸ்கூல்ல பேசி சேத்து வுடறேன், சாயங்காலம் வந்து தறியில உக்காரட்டும்னு கெஞ்சினேன். அவரு என் மொகத்தப் பாக்காம வெளிய போயி வேப்ப மரத்தடியில நின்னுக்கினாரு. அந்தப் பொண்ணு அழுவல. நான்தான் முந்தானையில மூக்க தொடச்சிக்கினு நின்னேன். அவ கிட்ட வந்து மெதுவா சொன்னா: "அடுத்த வருஷம் என் தம்பி உங்க கிளாசுக்கு வரான் டீச்சர். அந்தப் பாடத்துல பதினாலுன்றத மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க."

இத்தினி வருஷம் உரிமைய நடத்தி நான் கண்டது, அது எங்க ஆரம்பிக்குதுன்றத நம்ம சொல்லிக் குடுக்கணும், எங்க முடியுதுன்றத மட்டும் வூடுங்களே மனப்பாடம் பண்ணிக்குது.

ஐயோ, பேசிக்கினே இருந்துட்டேன், தூறல் வுழுவுது பாரு, கொடியில இருக்கற துணிய உள்ள எடுத்தாந்துடும்மா!