ஆம்பூரில் பெலிசித்தம்மாளுக்குப் பெயர் வைத்தோம்

1930 மார்ச் 5, புதன்கிழமை. மாதாகோயில் காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் பூசிய விபூதியைத் துடைக்காமலே சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து, பாசஞ்சர் ரயிலில் பெண்கள் வண்டியில் ஏறிவிட்டேன். ஆம்பூருக்கு நூற்றுப் பன்னிரண்டு மைல். நான் சென்னையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. விதவை, பிள்ளைகள் இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை லூசியா, பெண் குழந்தை பெற்ற சில நாளிலேயே ஜன்னி கண்டு இறந்துபோனாள். அடக்கத்துக்குக்கூட என்னால் போய்ச் சேர முடியவில்லை. இப்போது போவது அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்று பெயர் வைத்து, கையோடு அழைத்து வந்து வளர்ப்பதற்காக.

எங்கள் அம்மாவுக்கு அர்ச்சியசிஷ்டப் பெண்கள், அதாவது வேதத்தின் புனிதவதிகள் என்றால் உயிர். மகனுக்காக வருஷக்கணக்கில் அழுத மோனிக்காவின் பெயரை எனக்கு வைத்தாள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த லூசியாவின் பெயர் தங்கைக்கு. பிள்ளையே இல்லாதவளுக்கு அழுத தாயின் பெயர் எதற்கு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இந்தப் பயணத்தில் அப்படித் தோன்றவில்லை.

காட்பாடியில் ஒரு முஸ்லிம் அம்மாள் ஏறினார். மேல்விஷாரத்துக்காரர், வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போகிறவர். உட்கார்ந்ததும் முகத்திரையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"நெத்தியில இன்னாம்மா சாம்பலு?"

"தவசு காலம் தொடங்குதும்மா. இனி ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி."

"நாங்க ரம்ஜானுக்கு நோன்பு புடிக்கிற மாதிரியா?" என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு என் மடியில் இருந்த பால் புட்டியைத் தொட்டுப் பார்த்தார். சங்கதியைச் சொன்னேன். "அல்லா காப்பாத்துவான். ஆனா புட்டிப் பாலு எல்லாப் புள்ளைக்கும் ஒத்துக்காதும்மா. பேஜார் பண்ணும். பொறுமையா இரு." பேச்சு அதற்குப் பிறகு காந்தி உப்பு அள்ளப் போவதாகக் கேள்விப்பட்டதற்குத் தாவியது. அவர் வீட்டில் தோல் வியாபாரமாம், பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட வேண்டுமாம். உப்பு விலை ஜாஸ்தியாகுமா கம்மியாகுமா என்று என்னைக் கேட்டார்.

குடியாத்தம் தாண்டியதும் பக்கத்தில் பாலாறு தெரிந்தது. வெறும் மணல். மூன்று மணிக்கு மேல் ஆம்பூரில் இறங்கி, இரண்டணாவுக்கு ஜட்கா பேசிக்கொண்டேன். ஒன்றரை மைல் தூரம். ஊரைத் தாண்டும் முன்பே வாடை வந்துவிட்டது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஊறிய ஆவாரம்பட்டையும் சேர்ந்த வாடை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நாளு இருந்தா தெரியாதும்மா," என்றார்.

தங்கை கணவர் சூசை வாசலில் நின்றிருந்தார். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. "வாங்கக்கா," என்றார். என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தை பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் இருந்தது. அவள் புருஷனும் அதே ஷாப்தான். தவழுகிற வயதில் அவளுக்கு ஒரு மகன். நான் போனபோது அவனை ஒரு பக்கமும் எங்கள் குழந்தையை ஒரு பக்கமும் அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சண்ட போடாம குடிக்குதுங்க டீச்சரம்மா," என்று சிரித்தாள். நான் வந்த காரியம் அவளுக்கு நினைவுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

சாயங்காலம் பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, புட்டியில் ஊட்டிப் பார்த்தேன். குழந்தை ரப்பரை நாக்கால் தள்ளியது. முகம் சிவக்க வீறிட்டது. முனியம்மா கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கேட்காமல் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் நானே நீட்டினேன். அவள் தோளில் பட்டதும் அழுகை விக்கலாகி அடங்கியது.

மார்ச் 6, வியாழன். பெர்பெத்துவம்மாள், பெலிசித்தம்மாள் இருவருடைய திருநாள். அன்றைய அர்ச்சியசிஷ்டர் பெயரையே வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கோயிலில் நான் வாங்கியதும் குழந்தை அலறியது. முனியம்மா இந்து, வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யார் அந்தப் பெண்?" என்று சாமியார் கேட்டார்.

"பால் குடுக்கிறவ, சாமி."

"பிள்ளையை அவளே ஏந்திக்கொள்ளட்டும். நீ ஞானத்தாய், உன் கையை அதன்மேல் வை."

அப்படியே முனியம்மா ஏந்த, நான் தொட, தண்ணீர் ஊற்றி பெலிசித்தம்மாள் என்று பெயரானது.

வீடு திரும்பியதும் முனியம்மா அந்தப் பெயருக்கு உரியவள் யார் என்று கேட்டாள். சொன்னேன். ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் பட்டணத்து அடிமைப் பெண் பெலிசித்தம்மாள். வேதத்தை விடமாட்டேன் என்றதற்காக, பெர்பெத்துவம்மாள் என்ற பெரிய வீட்டுப் பெண்ணோடு சிறையில் போட்டார்கள். இருவரும் தாய்மார், ஒருத்திக்குக் கைக்குழந்தை, இவள் நிறைமாதம். சிறையிலேயே பெண் குழந்தை பெற்றாள். பிறகு இருவரையும் மிருகங்களுக்கு முன்னால் விட்டுக் கொன்றார்கள்.

முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு கொயந்த இன்னா ஆச்சு?"

"சபையில ஒரு சகோதரி தன் மகளா எடுத்து வளர்த்தாளாம்."

"அவ பேரு இன்னா?"

வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன கதை. ஒரு மாணவியும் இதைக் கேட்டதில்லை. "தெரியல முனியம்மா. யாரும் எழுதி வைக்கல."

"பாவம், நல்லா வளத்திருப்பா," என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் துணிகளை மடிக்கப் போனாள். எல்லாம் துவைத்துக் காயவைத்தவை. நான் கொண்டு போவதற்காக.

குழந்தையை அழைத்துப் போகட்டுமா என்று சூசையைக் கேட்டேன். "உங்ககிட்ட இருந்தா படிக்கும், நல்லா இருக்கும். இங்க இருந்தா நான் வேல முடிஞ்சு வந்து மூஞ்சியப் பாப்பேன். நீங்க சொல்றதுதான்க்கா," என்றார் தரையைப் பார்த்தபடி.

மத்தியானம் சூசையும், குழந்தையோடு முனியம்மாவும் என்னுடன் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஜட்காவிலேயே முனியம்மா கடைசியாக ஒருமுறை பால் கொடுத்தாள். ரயில் வந்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே குழந்தையை நீட்டினாள்.

"தூங்குது டீச்சரம்மா. எழுப்பிடாதீங்க."

வாங்கிக்கொண்டேன். பால் மணம். அந்தச் சின்ன நெற்றியில் முத்தமிட்டேன். கண்ணைத் திறக்காமலே வாயைக் குவித்து முனியம்மா பக்கம் தலையைத் திருப்பியது. எனக்கு அந்தக் குழந்தை எவ்வளவு வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. இருந்தும் திருப்பி நீட்டினேன்.

"வீட்டுக்குக் கொண்டுபோ முனியம்மா."

அவளுக்குப் புரியவில்லை. "பாலு மறக்கிற வரைக்குமா? அப்பறமா வந்து கூட்டிப் போவீங்களா?"

"இல்ல. பார்க்கத்தான் வருவேன். லீவுக்கு லீவு வந்து நானே எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். சூசை, இவ உங்க கண்ணு முன்னாலயே வளரட்டும்."

சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் மூடிக்கொண்டார். முனியம்மா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, ரயில் நகரும் வரை என் விரலைப் பிடித்திருந்தாள்.

பச்சகுப்பம் வரை தாங்கினேன், பிறகு அழுதேன். சென்னை வந்து கதவைத் திறந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆம்பூரில் அந்த நேரத்துக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே மடிக்குப் போட்டி போட்டுக்கொண்டிருக்கும். கோடை விடுமுறைக்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன. நான் போகும்போது அவளுக்குக் கழுத்து நின்றிருக்கும்.