ஊசி விரதத்தைக் கெடுக்காது

காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டுக்காரர் தொடையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கிய நேரம் அதுதான். கோயிலுக்குள் போன பிறகு, கூட்டத்தில் காற்றில்லாமல்தான் அப்படி ஆனது என்று என் நாத்தனார் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். சிதம்பரத்தில் நடந்தது பின்பகுதி. முன்பகுதி கடலூரில், மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நடந்தது. நான் அப்போது பக்கத்திலேயே நின்று புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியாது.

அன்று ஆருத்ரா தரிசனம். நடராசர் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து ஆடிக்கொண்டே உள்ளே திரும்புவதைப் பார்க்கிற வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது என் புகுந்த வீட்டு வழக்கம். பார்த்த பிறகுதான் களி. அந்தத் தரிசனம் ஒரு மணிக்கும் ஆகும், மூன்று மணிக்கும் ஆகும். சர்க்கரை நோய் வந்த பிறகு அவர் இந்த விரதத்தை விட்டிருந்தார். டாக்டர் சொன்னார், விட்டார். சாமியும் கேள்வி கேட்கவில்லை.

கேட்டது அவருடைய அக்கா. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறார், கோயில் மணி கேட்கிற தூரம். எங்கள் ஒரே பெண் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகி ஆறாவது மாதம். திருவாதிரைக்கு நான்கு நாள் இருக்கும்போது நாத்தனார் போன் செய்தார். வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"போன தடவ ஏன் தங்கல, யோசிச்சியா தம்பி? உங்க வீட்டுல ஒருத்தராவது விரதம் இருந்தீங்களா? வீட்டுக்குப் பெரிய ஆம்பள நீ. வேளாவேளைக்குத் தின்னுட்டுக் கெடக்கற. சாமி எதப் பாத்துக் குடுக்கும்?"

கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். என் மகள் ஆஸ்பத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். அதற்குக் காரணம் அவள் அப்பா தின்ற இட்லியாம். இப்படி ஒரு கணக்கைப் போட எப்படி மனசு வருகிறது? நான் போனை வாங்கிப் பேசியிருப்பேன். அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அக்கா சொல்றதுலயும் ஒன்னு இருக்கு" என்றார், போனை வைத்த பிறகு.

"என்ன இருக்கு? சொல்லுங்க, என்ன இருக்கு?"

"சரி, சரி. சாப்ட்டுட்டே வர்றேன். கத்தாத."

திருவாதிரையன்று காலை மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் தட்டில் வைத்துவிட்டுத்தான் மாடிக் கதவு, ஜன்னலெல்லாம் சாத்தப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தின்ற தட்டை அவரே கழுவியதில்லை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை அடித்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். நாத்தனார் வீட்டில் களிக்குப் பச்சரிசியும் பயறும் வறுத்த மணம் வாசலிலேயே வந்தது. அதைத் தாண்டிக்கொண்டு மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நின்ற இடத்திலிருந்து காலை எடுத்தால் திரும்ப வைக்க இடமில்லை. பதினோரு மணி தாண்டியிருக்கும். அவர் என் தோளைத் தட்டி, "வண்டிச் சாவி எங்க?" என்றார்.

"எந்த வண்டி? பஸ்லதான வந்தோம்."

"சாவியக் குடுடி" என்றார்.

அவர் என்னை 'டி' போட்டுப் பேசுகிறவர் அல்ல. திரும்பிப் பார்த்தேன். மார்கழிக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கண் என் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. கையைப் பிடித்தேன். உதறினார். உதறிய கை முன்னால் நின்ற ஒருவர் மேல் பட்டது.

"கோயிலுக்குக் குடிச்சிட்டா வருவாங்க?" என்றார் அந்த மனிதர். "பொம்பளைங்க நிக்கற எடம்."

என் நாத்தனார் கைகூப்பி நின்றார். "குடியெல்லாம் இல்லீங்க. தம்பிக்கு சாமி வந்துருக்கு. ரொம்ப வருஷம் கழிச்சி விரதம் இருக்கான்ல."

விரதம். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கவிழ்த்து வைத்த தட்டு ஞாபகம் வந்தது.

"சாப்பிடலியா? அண்ணி, இவர் காலைல சாப்பிடலியா? உங்களுக்குத் தெரியுமா?"

"தரிசனம் ஆவறதுக்கு முன்ன எப்படிச் சாப்பிடுவான்?"

நான் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசி சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் அர்ச்சனைத் தட்டோடு நின்றார். தட்டில் கல்கண்டு இருந்தது. "அம்மா, கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சுகர் ஆளுக்குக் கல்கண்டா? அறிவிருக்கா உனக்கு? கொல்லப் பாக்கறியா என் தம்பிய?"

கூட்டம் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. இப்போது சர்க்கரை நோயாளி இல்லாத வீடு எது? ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். "ஆமாமா, இனிப்பு மட்டும் குடுத்துடாதீங்க." "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான், ஜாஸ்தியாயிடுச்சின்னா வேர்க்கும்." "வெறும் தண்ணி தெளிங்கம்மா." கல்கண்டு வைத்திருந்த அம்மாள் தட்டை இடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான். அவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் என் புருஷனைச் சாகவிடப் பார்த்தார்கள்.

இதில் என்னை இன்னும் நடுங்க வைப்பது வேறு. என் கையும் நின்றது. கொஞ்ச நேரம்தான், ஆனால் நின்றது. எங்கள் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் தட்டில் பாத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும். பண்டிகைக்கு வந்த லட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். பலாப்பழக் காலத்தில் பண்ருட்டி ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னலை மூடச் சொல்வேன். அவருக்கும் இனிப்புக்கும் நடுவில் நிற்பதே என் வேலையாக இருந்துவிட்டது. கணையத்தைப் பலகையில் படம் வரைந்து நடத்துகிற கை, கல்கண்டுக்கு முன்னால் பயந்து நின்றது.

அப்புறம் அவர் சரிந்தார்.

நான் கத்திய கத்தலில் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். கீழ கோபுரம் வழியாக வெளியே தூக்கி வந்தோம். கடையில் மாம்பழச் சாறு டப்பா ஒன்றைக் கேட்காமலே எடுத்தேன். குழலை உறிஞ்சத் தெரியாமல் கடித்தார். டப்பாவைக் கிழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் வைத்தேன். பாதி சட்டையில் கொட்டியது, மீதியை விழுங்கினார். ஆட்டோவில் ஏற்றும்போது நாத்தனாரைப் பார்த்து, "வாங்க அண்ணி" என்றேன்.

அவர் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீ அழைச்சிட்டுப் போ. நான் தரிசனம் பாத்து, தம்பிக்கும் சேத்து வேண்டிக்கிட்டு வந்துர்றேன். ரெண்டு பேரும் பாதியில வந்தா நல்லால்ல."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்மா. மூளையக்கூடப் பாதிச்சிருக்கும்" என்றாள். தலையாட்டினேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணைத் திறந்து, என்னை அடையாளம் கண்டுகொண்டு, முதலில் கேட்டது இது: "தரிசனம் ஆயிடுச்சா?"

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. "இட்லி எங்க போச்சு?" என்றேன்.

"காக்காவுக்கு வெச்சேன்."

"சாப்பிடாம இருக்கறவரு ஊசிய ஏன் போட்டீங்க?"

அவர் சொன்ன பதிலை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். நன்றாக யோசித்து வைத்திருந்தவர் போல நிதானமாகச் சொன்னார். "மாத்திரைன்னா தண்ணி குடிக்கணும். அதனால அத விட்டுட்டேன். ஊசி வாய் வழியாவா போவுது? தோலுக்குள்ள தான போவுது. அதுல விரதம் கெடாது. ஊசியையும் விட்டா நீ சத்தம் போடுவ."

சாமிக்கும் குறை வைக்காமல், எனக்கும் குறை வைக்காமல், இரண்டு பக்கமும் சமாளித்திருக்கிறார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிற மனிதர். அலுவலகத்தில் அவர் பார்க்காமல் ஒரு ஃபைல் நகராது.

நர்ஸ் ரொட்டியும் பாலும் கொண்டுவந்து வைத்தார். ஏற்றிய குளுக்கோஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும், கட்டாயம் சாப்பிட வேண்டும், ஊசியின் வேகம் இன்னும் அடங்கவில்லை என்றாள் டாக்டர். அவர் ரொட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தரிசனம் ஆவட்டும். இவ்ளோ நேரம் இருந்தாச்சு. புள்ளைக்காக வேண்டிக்கிட்டது."

நான் பிறந்த வீடு வடலூர்ப் பக்கம். என் அப்பா எங்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனதில்லை. வடலூருக்குக் கூட்டிப்போவார். அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அப்புறம் எழுந்து பரிமாறுவோம். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் பூசை என்று எந்த விளக்கமும் இல்லாமல் எனக்குப் புரிந்தது. அப்படி வளர்ந்தவள், பட்டினியைக் காட்டிச் சாமியிடம் பேரம் பேசுகிற வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விரதம் இருக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, முடிந்தவர்கள் இருக்கட்டும். ஆனால் அந்தக் கட்டில் பக்கத்தில் எனக்கு நடராசர் மேலேயே கோபம் வந்தது. ஆடுகிறவருக்கு ஒருத்தன் விழுவது தெரியவில்லையா?

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். தினமும் மத்தியானம் இவர்தான் அவளுக்குப் போன் செய்வார். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், கீரை இருந்ததா, பால் குடித்தாயா என்று கேட்பார். அன்று போன் வரவில்லை என்று அவளே கூப்பிட்டாள். ஆறு மாதக்காரியிடம் எதைச் சொல்வது? ஒன்றும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"அம்மா, குரல் ஏன் இப்படி இருக்கு? அப்பா எங்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், காக்காய் வரைக்கும்.  அப்புறம், "ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா. நீ சாப்ட்டியா?"

"என்னைக் கேக்காதீங்க. எனக்காகப் பட்டினி கெடங்கன்னு நான் சொன்னேனா? போன தடவ நீங்க சாப்ட்டதாலதான் போச்சுன்னு நெனச்சீங்களா? அப்ப நான் சாப்ட்டதாலயும்தான போயிருக்கும்?"

"அப்படி இல்லம்மா..."

"டப்பா முன்னாடி வெச்சிட்டு உக்காந்துருக்கேன். நீங்க ஒரு வாய் தின்னாதான் நான் தொறப்பேன். இதுவும் விரதம்தான். இருங்க, யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்போம்."

அவர் ரொட்டியைப் பாலில் நனைக்கக்கூட இல்லை. அப்படியே வாயில் திணித்தார். "சாப்பிடறேன், சாப்பிடறேன். தொறம்மா, நீ டப்பாவத் தொற" என்றார், வாயில் ரொட்டியோடு. கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் ரொட்டித்தூளோடு சேர்ந்தது. எதிர்முனையில் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மெல்லுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என் கோபம் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் ஊசியை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், தட்டு எதிரில் வந்த பிறகு. கடைசி இட்லி தொண்டைக்குள் இறங்குகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் முறைக்கிறார், நானும் முறைக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். தலையில் பூ, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தூக்குவாளி. தம்பியின் நெற்றியிலும் திருநீறு பூசினார். கன்னத்தைத் தடவினார். போர்வையை இழுத்துத் தம்பியின் கால் வரை மூடிவிட்டதையும் நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, வாளியை நீட்டினார்.

"தரிசனம் நல்லபடியா ஆச்சு. இந்தா, தம்பிக்குன்னு தனியாக் கிண்டுன களி. பயப்படாம குடு, பொட்டு வெல்லம்கூடப் போடல."