ஆணிவாயர் பேச ஆரம்பித்த கதை

தெருவில் அவருக்கு ஆணிவாயர் என்று பெயர். சோபா தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை என்று போய்விடுவதால் ஆணிக்கு வாய்தான் டப்பா. குட்டி ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளிவிடும்.

இதில் அவர் மனைவிக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சண்டை போட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து, அவர் வாய் நிறைய ஆணியோடு இருக்கும்போது வந்து கொட்டிவிட்டுப் போவாள். பதிலுக்கு 'உம்' மட்டும் வரும். எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

அன்றும் கதவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள். அவர் விடுகிற குறட்டையைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரி, மாவு மெஷின் வாங்கியிருக்கிறீர்களா, எங்களுக்கும் அரைத்துத் தருவீர்களா என்று விசாரித்தாளாம். லேசில் சிரிக்காத மனிதர் இதற்குச் சிரித்துவிட்டார். சிரிப்போடு ஒரு ஆணியும் உள்ளே போனது. மிச்ச ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, கண் பிதுங்கத் தொண்டையைக் காட்டினார்.

அவள் ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவந்தாள்.

"மெல்லாம அப்படியே முழுங்குங்க. ஆணியத் தள்ளிட்டுப் போயிரும்."

முழுங்கினார். ஏதோ கீறிக்கொண்டு இறங்கியதுபோல் இருக்கிறது என்றார். இறங்கிவிட்டது என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பழத்தையும் கொடுத்தாள். நெஞ்சு வலிக்கிறது என்றபோது வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது, கழுத்து உப்பிப்போயிருந்தது. தைலம் தடவியவளின் விரலுக்கடியில், தோலுக்குள்ளே ஏதோ நறநறவென்று நொறுங்கியது. அப்போதுதான் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஆணி இறங்கவே இல்லை.

"உணவுக்குழாயக் குத்தி ஓட்டை போட்டிருச்சும்மா," என்றார் டாக்டர். "காத்தும் சாப்பாடும் அது வழியா நெஞ்சுக்குள்ள கசிஞ்சு சீழ் வச்சிருக்கு. கழுத்துத் தோலுக்கடியில நறநறங்கிறதும் அந்தக் காத்துதான்."

உடனே வந்திருந்தால் வாய் வழியாகவே எடுத்திருக்க வாய்ப்புண்டு, இப்போது நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும், திறந்தாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு, ஆணி மாட்டியதும் சாப்பிட எதையாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

பழம் கொடுத்ததை எப்படியோ சொன்னாள். நிறையப் பேர் செய்கிறதுதான், இனிமேல் யாருக்கும் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. என் கையாலேயே கொன்றுவிட்டேனா என்று ஆபரேஷன் முடிகிறவரை அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடு வெளியே வந்தார். விலாவில் ஒரு குழாய், கஞ்சி போக வயிற்றில் ஒரு குழாய். தைத்த இடம் ஆறுகிறவரை வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. விலாக் குழாயில் வடிகிற நீர் கலங்கினால் அவளுக்குப் பயம், வடியாமல் நின்றால் அதைவிடப் பயம். வெடித்த உதட்டைக் காட்டி அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டை மூடிவிட்டதா என்று பார்க்க, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை ஒரு மடக்கு மட்டும் விழுங்கவைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இன்னும் இருந்தது. மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் காத்திருப்பு. அடுத்த முறை படம் எடுத்தபோது அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். ஓட்டை மூடிவிட்டது, தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். நர்ஸ் ஸ்பூனை அவளிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க சிஸ்டர். என் கையால வேணாம்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்பூனைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் ஆணிகள் இடுப்பில் கட்டிய டப்பாவுக்கு மாறின. ஆனால் அவள் நம்பவில்லை. பழகின கை, மறதியில் வாய்க்குத்தான் போகும்.

"பேசிக்கிட்டே வேலை செய்யுங்க. அடுப்படிக்குக் கேக்கணும்."

'உம்' தவிர வேறு அறியாத மனிதர் இப்போது பஞ்சைப் பற்றி, சோபாவின் சொந்தக்காரரைப் பற்றி, மழையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார். சண்டை போட அவளுக்கு இடமே கிடைப்பதில்லை.

ஒரு மத்தியானம் பேச்சு பாதியில் நின்றது. அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்குகிறவரை அசையாமல் நின்றாள். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்து காட்டினார். அப்புறமும் கழுத்தில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நொறுங்கவில்லை.

"ம், மேல சொல்லுங்க," என்றாள், விரலை எடுக்காமலே.