நீலம் பூசிய திராட்சைக் கொடி

மகள் விஷக்காய்ச்சலில் கிடந்த வருஷம், அவள் எழுந்து நடந்தால் எங்கள் முற்றத்துக் கொடியின் முதல் திராட்சைக் குலையை ஆகஸ்ட் மாத மாதா திருநாளன்று பீடத்தில் வைப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். மகள் எழுந்தாள். மறு வருஷம் கொடி ஒரே ஒரு குலை காய்த்தது.

காய் பச்சையாக இருக்கும்போதே இலைகள் மறையத் தொடங்கின. சுருளவில்லை, ஓட்டை விழவில்லை. ஓரத்திலிருந்து நரம்போடு தின்னப்பட்டு, காம்பு மட்டும் நின்றது. இலை இல்லாத கொடியில் காய் இனிக்காது. எவ்வளவு தேடியும் புழு கண்ணில் படவில்லை.

போன சண்டையில் சிப்பாயாகப் பிரான்சுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். 'ஐயா' என்பதற்கு அவர் வாயில் 'முசியே'தான் வரும்.

"இதுக்குப் போயி கவலப்படுறீங்களே முசியே! அங்க கண்ணுக்கெட்டுன தூரமும் திராட்சதான். எல்லாத்துக்கும் ஒரே மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும்."

எங்கள் கொடியும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த பதியன்தான். பிரான்சுக் கொடிக்குப் பிரான்சு மருந்து. அன்றே இரண்டையும் வாங்கிவந்தேன். கரைத்து, துடைப்பத்தால் தெளித்தேன். பந்தல் முழுவதும் நீலம். மாலை வெயில் அதன் வழியே இறங்க, முற்றம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆயிற்று. மகள் கைகளை விரித்து அதில் நீந்தினாள். அந்திமந்தாரைக்கு மேல் ஒரு பெரிய அந்துப்பூச்சி, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. மூவரும் மூச்சடக்கிப் பார்த்தோம்.

காலையில் இன்னும் சில இலைகளைக் காணோம்.

"இத்தினி நாளு வெறும் எலையத் தின்னுச்சு," என்றாள் மனைவி. "இப்ப தொட்டுக்கத் துவையலும் அரைச்சுக் குடுத்துட்டீங்க."

அது பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து, புழுவைக் கொல்லாது என்பதை அப்புறம்தான் விசாரித்து அறிந்தேன்.

அன்று என் பழைய வேட்டியைப் பந்தலடியில் விரித்து வைத்தேன். விடிந்ததும் அதில் ஓரிடத்தில், மிளகு போலக் கறுத்த புழுக்கைகள். அங்கிருந்து நேர் மேலே பார்த்தேன். இலைக்காம்பு என்று நினைத்திருந்தது விரல் நீளப் பச்சைப் புழு. வால் நுனியில் ஒரு கொம்பு. தினமும் வேட்டி காட்டிய இடங்களிலெல்லாம் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். ஒன்றை மட்டும் மகள் மண் போட்ட ஜாடியில் வளர்த்தாள். அது மண்ணுக்குள் போய், சில வாரங்களில் இறக்கையோடு வெளியே வந்தது: அந்திமந்தாரையின் அதே விருந்தாளி.

குலை பழுத்தது. திருநாளன்று கழுவிக் கழுவியும் காம்போரத்து நீலம் போகவில்லை. இதையா பீடத்தில் வைப்பது என்று தயங்கினேன்.

"மாதா முக்காடும் அதே நெறந்தானே. இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் மனைவி.

மகள் தட்டை ஏந்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.