ரூட் தர மறுத்த ரெஜினா

ரெஜினா இறந்த செய்தியை அவள் தம்பி தொலைபேசியில் சொன்னான். "அக்கா போய்ட்டாங்க. நாளைக்குப் பிள்ளைப்பாக்கத்துலதான் அடக்கம்" என்றான். நான் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. நானும் அவளும் வேலை பார்த்த தொழிற்சாலையின் பழைய மேலாளர். இரங்கல் மலர் போட்டால் எழுதப்போவது நான்தான் என்று, அதில் தன் பெயரில் நான்கு வரி சேர்க்கச் சொன்னார். "எல்லாரோடயும் அனுசரிச்சுப் போவாங்கன்னு எழுதிக்கோம்மா." முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ரெஜினாவை அறிந்தவர்களே, அவள் அனுசரித்துப் போகவில்லை. அதனால்தான் அவளை வெளியே தள்ளினார்கள். பூசி மெழுகி எழுத எனக்கு மனமில்லை.

1991இல் ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகளைவிட வயல்கள்தான் அதிகம். எங்கள் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய கணிப்பொறி இருந்தது. சரக்கிருப்பு, வருகைப்பதிவு எல்லாம் அதற்குள்தான். வருகைப்பதிவை ஏற்றுவது என் வேலை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது ரெஜினாவின் வேலை. தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த சுற்றுவட்டக் கிராமத்துப் பையன்கள் பலர் அப்போது டிரெய்னிகள். குறிப்பிட்ட நாட்கள் வேலை பார்த்தால் நிரந்தரம். அந்த நாட்கணக்கும் இயந்திரத்தில்தான் இருந்தது.

அந்த வருடம் எங்கள் கம்பெனியின் சென்னை அலுவலகம் தொலைபேசி இணைப்பு வழியாகவே சரக்கிருப்பைத் தெரிந்துகொள்ள ஒரு புரோகிராமை வாங்கியது. அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து கேட்டால் பதில் அனுப்பும். அதை ரூட் கணக்கில் ஓட்ட வேண்டும் என்றார், விற்ற கம்பெனியின் ஆள். ரூட் என்றால் அந்த இயந்திரத்தில் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம்.

"சரக்கு எவ்ளோ இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் அவ்ளோ அதிகாரம்?" என்று ரெஜினா கேட்டாள். 

அந்தப் புரோகிராமுக்கென்று அவள் தனியாக ஒரு கணக்கு உண்டாக்கினாள். அந்தக் கணக்கில் வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. ஃபைல்கள் வைக்கும் தனி இடமாக ஒரு டைரக்டரியை ஒதுக்கி, சரக்கிருப்பின் நகலை அதில் வைத்து, புரோகிராமை அதற்குள் அடைத்தாள். அதைத் தாண்டி வெளியே ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அது ஓடத் தேவையான ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து உள்ளே வைக்க அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. "பொறுமையா செஞ்சா ஒரு தடவை செஞ்சா போதும் வசந்தா" என்று என்னிடம் சொல்வாள்.

ஒரு நாள் சென்னைக்குப் பதில் போய்க்கொண்டிருக்கும்போதே தொலைபேசி இணைப்பு அறுந்தது. புரோகிராமில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. தற்காலிக ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டியது, கைக்கு எட்டியதையெல்லாம் அழித்தது. கைக்கு எட்டியது அந்த டைரக்டரி மட்டுமே. டீ வருவதற்குள் ரெஜினா அதைச் சரிசெய்துவிட்டாள். மற்ற எதற்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அதற்கு அவளுக்குக் கிடைத்தது மெமோ. சென்னைக்குக் கொஞ்ச நேரம் பதில் போகவில்லையாம். "இந்தம்மா கட்டிப் போட்டதாலதான் சார் நின்னு போச்சு" என்று விற்ற கம்பெனியின் ஆள் சொன்னதை மேலாளர் அப்படியே நம்பினார். கோளாறு அவர்கள் புரோகிராமில்தான் என்று ரெஜினா காட்டியதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"ரூட் குடுத்துடும்மா. பிரச்சினை முடிஞ்சுது."

"நான் குடுக்க மாட்டேன் சார். எல்லாம் போயிடும்."

மறுநாளே அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். புரோகிராம் ரூட்டில் ஓடியது. அடுத்த மழையில் இணைப்பு மறுபடியும் அறுந்தது. நான் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தேன். என் கண் முன்னே திரை உறைந்தது. இந்த முறை புரோகிராமின் கைக்கு எட்டியது இயந்திரம் முழுவதும். வருகைப்பதிவு, டிரெய்னிகளின் நாட்கணக்கு, எல்லாம் போயின. தினமும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைக்கும் டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். ரெஜினா ஸ்டோர்ஸுக்குப் போன பிறகு டேப் சரியாகப் பதிவாகிறதா என்று யாரும் சோதிக்கவே இல்லை. அதில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. பதிவு இல்லாததால் டிரெய்னிகள் எல்லாரும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. வருகை பதியும் டைம் ஆபீஸ் வாசலில் ஏழுமலை என்ற டிரெய்னி கேட்டான்: "மிஷினு மறந்துட்டா நாங்க வேலை செய்யலைன்னு ஆயிடுமா? எங்க நெலம் உங்க காம்பவுண்டுக்குள்ள கீது சார், அதையாவது ஞாபகம் கீதா?" டிரெய்னிகள் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதினார்கள்.

தொழிலாளர் அலுவலர் விசாரணைக்கு வந்தார். முன்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அம்மா ஏதோ தவறு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார் மேலாளர். ரெஜினாவைக் கூப்பிட்டார்கள். ஸ்டோர்ஸ் தூசி ஒட்டிய சேலையோடு வந்து நின்றாள்.

"ரூட் குடுக்காதீங்கன்னு நான் சொன்னேன். குடுக்க வச்சது இவர். அழிச்சது அந்தப் புரோகிராம். இதுல இந்தப் பசங்க எங்க சார் வந்தாங்க? அவங்க வேலை செஞ்ச நாளை நீங்க எப்படி எடுத்துப்பீங்க?"

ஒவ்வொரு லைன் சூப்பர்வைசரிடமும் வாக்குமூலம் வாங்கி நாட்கணக்கைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார் அலுவலர். டிரெய்னிகள் நிரந்தரமானார்கள். ரெஜினாவை, கம்பெனி விஷயத்தை வெளியே பேசினாள் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தத் தொழிற்சாலையும் அவளைச் சேர்க்கவில்லை. அவளைப் பற்றிய பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தாம்பரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தாள். அவள் படிப்புக்கு அது தகுந்த வேலை இல்லை. அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், கசப்போடு.

அடக்கத்தின்போது பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அவளிடம் மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்காதவர்களை அவள் மன்னித்தாளா என்பது எனக்குத் தெரியாது. நான் மன்னிக்கவில்லை. அந்த விசாரணை அறையில் அவளிடம் இருந்த கோபத்தை எடுத்துக்கொண்டுதான் கல்லறையிலிருந்து திரும்பினேன். அது ஆற வேண்டும் என்று எனக்கு விருப்பமில்லை.