கிளாம்புக்கு அடியில் குடம்

எங்கள் எட்டு வீடுகளும் பல வருடங்கள் ஒழுகல் தண்ணீரில்தான் பிழைத்தன. வில்பட்டிப் பக்கத்தில் சோலைக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதிலிருந்து ஒரு கறுப்பு ஓஸ் குழாய் இறங்கும். எங்களுக்குத் தோட்டம் கிடையாது, அதனால் ஓசும் கிடையாது. பூண்டுத் தோட்டத்து மேட்டில் ஓர் ஓசின் இணைப்பு ஒழுகும். அதற்கடியில் குடத்தை வைத்துவிட்டுக் களையெடுக்கப் போவோம். திரும்பும்போது நிறைந்திருக்கும். அது யாருடைய தண்ணீர் என்று எவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பிறகு மழை தன் புத்தியை மாற்றிக்கொண்டது. பெய்தால் ஒரே மணி நேரத்தில் பாத்தியோடு மண்ணை அள்ளிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. ஊற்று நூலாய் இளைத்தது. ஊர் கூடிப் பேசி, ஊற்றுக்குக் கீழே ஒரு பொதுத்தொட்டி கட்டியது. தொட்டியில் எல்லாக் குழாய்க்கும் ஒரே மட்டத்தில் துளை, மேட்டுக்காரர் முந்தி உறிஞ்ச முடியாது. நியாயமான ஏற்பாடுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பழைய ஓஸ்களையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள், இணைப்புக்கு இணைப்பு இறுக்கிப் பிடிக்கப் புதுக் கிளாம்பு. ஆவணியில் திறப்பு. டவுனிலிருந்து வந்த ஒருவர் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு, "இனிமே ஒரு சொட்டுகூட வீணாகாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான் தட்டினேன். மறுநாள் காலையில் குடத்தோடு போய் நின்றபோதுதான் விளங்கியது, அவர் வீண் என்று சொன்னது நாங்கள் குடித்த தண்ணீரை.

ஊர்க்கூட்டத்தில் போய் எங்களுக்கும் ஒரு குழாய் கேட்டேன். ஊர்க் காரியம் பார்க்கும் பெரியதனக்காரர் கோபப்படவில்லை. நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

"ஊத்துல தூர் வாருற வீட்டுக்குத்தான் தாயி தண்ணி. இன்னைக்கு நேத்து வந்த வழக்கமா இது? ஒங்க வீடுகள்ல இருந்து யாரும் வாரலையே."

தை மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்கு ஓர் ஆள் போய் ஊற்றில் சேறு அள்ள வேண்டும். அதைத்தான் சொன்னார். எனக்கு வாய்வரை ஏதோ வந்தது, என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

வெளியே வந்ததும் பூண்டுத் தோட்டத்து அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிளாம்ப லேசா நெகிழ்த்தி விடுறேன் தாயி. பழையபடி கொடத்த வச்சுக்கங்க. வெளிய சொல்ல வேணாம்."

அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வேணாம்ண்ணே. எங்களுக்குக் கொழா வேணும்" என்றேன்.

வீட்டில் மதினி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "வந்த தண்ணிய வேணாம்னு சொல்ல நீ யாரு? நாளைக்கு ஓடைக்கு நீயா எறங்குவ?" அவள் கேட்டது சரிதான். ஓடை ஆழப் பள்ளத்தில் கிடக்கிறது, காட்டுமாடுகள் தண்ணீருக்கு வரும் இடம். மதினிக்கு முழங்கால் வலி வேறு. தை வரும்வரை எட்டு வீட்டுப் பெண்களும் அந்தச் சரிவில் ஏறி இறங்கினோம். ஒருத்தியும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மதினி குடத்தை இறக்கும் சத்தத்திலேயே வசவு இருக்கும். வீம்புக்குப் பேசி எல்லோரையும் வதைக்கிறேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

தூர்வாரும் நாளுக்கு முதல் நாள் பூண்டுத் தோட்டத்து அண்ணன் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு ஊத்துக்கு எங்க வீட்டு ஆளா நீ வந்துரு தாயி. கூலி வாங்கிக்க." மதினியை இன்னொரு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். பெரியதனக்காரர் வீட்டுக்குக்கூட எங்கள் பக்கத்து வீட்டுக்காரிதான் வருடா வருடம் போவாள். கூட்டத்தில் வாய்வரை வந்தது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. இத்தனை வருடமும் அந்த ஊற்றை வாரியது நாங்கள்தானே!

"எனக்கு நாளைக்கு வேற சோலி இருக்குண்ணே" என்று அனுப்பிவிட்டு, அடுப்படியில் மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அன்று மாலையே மற்ற வீடுகளுக்கும் அவளே போய்ப் பேசினாள்.

மறுநாள் வெள்ளனே, பனி விலகுவதற்குள் ஊற்றடியில் நின்றோம். ஒவ்வோர் ஆளிடமும் எந்த வீட்டுக்கு என்று கேட்டு மண்வெட்டி கொடுப்பது பெரியதனக்காரரின் வேலை. என் முறை வந்தது.

"எந்த வீட்டுக்குத் தாயி?"

"எங்க வீட்டுக்கு."

மண்வெட்டியை நீட்டியபடியே நின்றார். பின்னாலிருந்து மதினி, "நானும் எங்க வீட்டுக்குத்தான்" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். "இதென்ன புதுசா இருக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

"நீங்க சொன்ன வழக்கந்தாங்க. வாருற வீட்டுக்குத் தண்ணி" என்றேன்.

பெரியதனக்காரர் அடக்கியது சிரிப்பையா கோபத்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். பிறகு, தம் வீட்டுக்கு ஆள் இல்லாததால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சேற்றில் இறங்கினார். பூண்டுத் தோட்டத்து அண்ணனும் பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார் பாவம்.

அந்த வாரமே தொட்டியில் எங்களுக்கும் அதே மட்டத்தில் ஒரு துளை போட்டார்கள். எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய் வந்தது. தோட்டங்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைந்தது, சிலர் கேரட் பாத்திகளைக் குறைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். ஊற்றில் இருப்பது அவ்வளவுதான்.

எங்கள் குழாயிலும் ஒரு குறை. எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சொட்டும். போன வாரம் புது வாஷர் வாங்கி வந்து ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். சொட்டுக்கு அடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருந்தது. எங்கள் வீடுகளில் யாருடையதும் இல்லை. கீழே காட்டேஜ் கட்டும் வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடக்கத்திக்காரியுடையது. வாளியை எடுக்க வந்தவள், என் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"தை மாசம் ஊத்து வாரணும். வெள்ளனே வந்துரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மேலே சோலையைக் காட்டி, மண்வெட்டி போடுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டினேன். தலையசைத்தாள்.

குழாயைத் திறந்து அவள் வாளியை நிரப்பிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் வாஷரை மாட்டினேன்.